வீட்டில் வைஃபை இருக்கும்போது அம்மாவுக்கு எந்த ரீசார்ஜ் திட்டம் போதும்?

வீட்டில் வைஃபை உள்ளது, அம்மா பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் பேசுகிறார், அப்படியிருக்க நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் திட்டம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். தேவையில்லை என்பதே என் கருத்து.

விலையைவிடச் செல்லுபடிக் காலத்தை முதலில் பாருங்கள். 28 நாள் திட்டம் மாதத் திட்டம்போலத் தோன்றினாலும், ஆண்டுக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய வைக்கும். இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-இல் 30 நாள் திட்டங்களையும், 2024 டிசம்பரில் டேட்டா இல்லாமல் அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் தரும் திட்டத்தையும் ஒவ்வொரு நிறுவனமும் கட்டாயம் வழங்க வேண்டும் என உத்தரவிட்டது. இந்த இரண்டாவது வகையின் நீண்ட காலத் திட்டம் உங்கள் அம்மாவுக்குப் பொருந்தும். விளம்பரங்களில் இதை முன்னிறுத்த மாட்டார்கள், செயலியில் தேடித்தான் எடுக்க வேண்டும். வெளியூர் செல்லும் நாட்களுக்கு டேட்டா தேவைப்பட்டால், அந்தத் திட்டத்துடன் டேட்டா பேக் போட முடியுமா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வாட்ஸ்அப் இருக்கிறதே என்று ரீசார்ஜையே நிறுத்திவிடாதீர்கள். ஒருமுறை பதிவு செய்த வாட்ஸ்அப் கணக்கு வைஃபையில் ஓடிக்கொண்டிருக்கும் என்றாலும், 90 நாட்கள் எவ்விதப் பயன்பாடும் இல்லாமல், கணக்கில் 20 ரூபாய் இருப்பும் இல்லாமல் கிடக்கும் ப்ரீபெய்டு எண்ணை நிறுவனம் துண்டித்துப் பின்னர் வேறொருவருக்கு வழங்கிவிடலாம். அப்போது வங்கியின் ஓடிபி அந்தப் புதியவருக்குப் போகும், அவர் அதே எண்ணில் வாட்ஸ்அப்பைப் பதிவு செய்தால் அம்மாவின் கணக்கும் வெளியேற்றப்படும். மேலும், அவசர உதவிக்கான 112 எண்ணை வாட்ஸ்அப் வழியாக அழைக்க முடியாது.