ஒன்பது ஜன்னலையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: கும்பகோணத்தில் எங்கள் வீடு கட்டி 40 வருடம் ஆகிறது. மொத்தம் 9 தேக்கு ஜன்னல்கள். ஐப்பசி பிறந்தால் கதவுகள் இறுகிக்கொள்கின்றன. கிழக்குப் பக்கம் இரண்டில் சாரல் உள்ளே வருகிறது. ஒன்றில் கரையான். எல்லாவற்றையும் யுபிவிசிக்கு (கெட்டியான பிளாஸ்டிக் சட்டம்) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: கரையான் பிடித்ததைத் தவிர மற்றவற்றை அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள்.

முதலில் இறுக்கம். கதவின் ஒரு மூலை மட்டும் உரசினால் மரம் ஊதவில்லை, கீல் தொங்கியிருக்கிறது. திருகாணித் துளையில் தேக்கு ஆப்பைப் பசை தடவி அடித்து, திரும்ப முடுக்கினால் போதும். பக்கம் முழுக்க உரசினால்தான் இழைப்புளி வேலை. அதை மழையில் செய்யக் கூடாது. ஊதிய மரத்தை இழைத்தால் சித்திரையில் இடுக்கு தெரியும். பங்குனியில் இழைத்து 2 முதல் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். கதவின் மேல், கீழ் விளிம்புகளுக்குப் பெயின்டர்கள் பெரும்பாலும் தூரிகையே காட்டுவதில்லை. ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான். கதவைக் கழற்றி, அங்கே பிரைமரும் இரண்டு கை பெயின்டும் அடியுங்கள். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், அதனால் உலர்ந்தபடி உப்புத்தாள் போடாமல், நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள்.

சாரல் விஷயத்தில் ஜன்னலைக் குற்றம் சொல்லுமுன் சுவரைப் பாருங்கள். சன்ஷேடின் அடிப்பக்க விளிம்பில் அரை அங்குலப் பள்ளம் இல்லாவிட்டால் தண்ணீர் சொட்டாமல் சுவரோடு ஊர்ந்து வரும். ஜன்னல் அடிக்கட்டை வெளிப்புறம் சரிவாக இருக்கிறதா? குழாயால் கீழிருந்து மேலாகச் சிறிது சிறிதாக நனைத்துப் பார்த்தால் எங்கே ஒழுகுகிறது என்பது தெரிந்துவிடும். இது கொத்தனார் வேலை. சுவரைச் சரிசெய்யாமல் யுபிவிசி போட்டாலும் ஒழுகும்.

கரையான் பிடித்ததை ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள், முக்கியமாக நிலையின் கீழ்ச் சட்டத்தை. நுனி மட்டும் பதிந்தால் அந்தத் துண்டை வெட்டி ஒட்டுப் போடலாம். முனை தடையில்லாமல் இறங்கினால் நிலையை எடுத்துவிடுங்கள். தேக்கின் வைரத்தை, அதாவது கறுத்த நடுமரத்தை, கரையான் அவ்வளவாகத் தொடாது, வெளுத்த பகுதியைத்தான் தின்னும். ஆனால் ஜன்னலை மட்டும் மாற்றினால் கரையான் அடுத்த ஜன்னலின் நிலைக்கு நகரும். சுவரும் தரையும் சேரும் இடத்தில் 30 செ.மீ.க்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்கியாக வேண்டும்.

அந்த ஒன்றுக்கு யுபிவிசி என்றால், இரண்டு கதவு ஸ்லைடிங்கில் பாதிதான் திறக்கும், காற்றும் பாதிதான். கீல் வைத்ததே மேல். உள்ளே இரும்பு வைத்த சட்டமா என்று கேளுங்கள். உங்கள் பழைய கம்பிகள் மர நிலைக்குள் கோத்தவையாக இருந்தால் நிலையோடு போய்விடும். புது கிரில், பூச்சுவேலை இரண்டும் மதிப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுங்கள். கழற்றிய தேக்கில் நல்ல துண்டுகள் உங்களுடையவை, ஒட்டுக்கு உதவும்.