பழைய சக்திமான் லாரியின் பின் ஆக்ஸில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ராணுவ ஏலத்தில் போய்ப் பல கை மாறி வந்த சக்திமான் டீசல் லாரி ஒன்றைத் தோப்பிலிருந்து தேங்காய் ஏற்றுவதற்காக வைத்திருக்கிறேன். பின் வலது சக்கரத்தின் டிரம்மில் எண்ணெய் வழிகிறது. ஓராண்டுக்குள் இரண்டு முறை ஆயில் சீல் மாற்றியும் நிற்கவில்லை. ஆக்ஸில் கூட்டையே மாற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், காங்கேயம்

பதில்: வேண்டாம். ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவன உரிமத்தில் 1959 முதல் ஜபல்பூரில் கட்டப்பட்ட இந்த லாரியின் ஆக்ஸில் கூடு, அதாவது சக்கரங்களைத் திருப்பும் தண்டுகளை மூடியிருக்கும் இரும்பு உறை, அவ்வளவு எளிதில் கெடும் பொருளல்ல. தவிர, இன்று நல்ல கூடு கிடைப்பதும் அரிது. முதலில் கூட்டின் மேல்புறத்தில், பல ஆண்டுச் சேற்றுக்கும் கிரீஸுக்கும் அடியில் மறைந்திருக்கும் பிரீதர் என்ற சிறு மூச்சுக் குமிழைத் தேடுங்கள். வண்டி ஓடும்போது கூட்டுக்குள் எண்ணெயும் காற்றும் சூடாகி விரிகின்றன. அந்தக் காற்று வெளியேற வழியில்லாவிட்டால், எந்தப் புதிய சீல் போட்டாலும் எண்ணெய் அதைத் தள்ளிக்கொண்டு சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள் புகுந்து, அங்குள்ள கிரீஸைக் கரைத்து, டிரம்மில் இறங்கும். ஓட்டி வந்த சூட்டோடு நிரப்பு மூடியை மெதுவாகத் திருகும்போது ‘புஸ்’ என்று காற்று வந்தால் குற்றவாளி பிரீதர்தான். அதைக் கழற்றி டீசலில் ஊறவைத்து, ஊதினால் காற்று தடையின்றிப் போகும்வரை சுத்தம் செய்யுங்கள். சமதரையில் நிறுத்தி எண்ணெய் அளவையும் பாருங்கள். நிரப்பு துளையின் கீழ் விளிம்பு வரை இருந்தால் போதும், கூடுதலாக ஊற்றினால் அதுவும் வெளியே வரத்தான் செய்யும்.

பிரீதர் சரியாக இருந்தால், சீலின் உதடு உரசும் பரப்பைத் துடைத்துவிட்டு, விரல் நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் ஒரு கோட்டில் மாட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்று பொருள்; புதுச் சீலும் அந்தப் பள்ளத்திலேயே உட்கார்ந்து கசியும். இடமிருந்தால் சீலை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தலாம். இல்லையென்றால் கோவையில் நல்ல லேத்துப் பட்டறை ஒன்றில் மெல்லிய வளையம் கடைந்து ஏற்றிக்கொள்ளலாம். ஹப் பேரிங்கில் ஆட்டம் இருந்தாலும் சீல் நிற்காது. எண்ணெய் குடித்த பிரேக் லைனிங்கை மட்டும் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போடாதீர்கள். “எண்ணெய்தானுங்க, தொடச்சுப் போட்டா ஓடும்” என்று ஒரு பட்டறையில் சொன்னதை நம்பி நானும் அப்படிச் செய்து, முதல் இறக்கத்திலேயே வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்தவன். இரு பக்கமும் புது லைனிங் போடுவதே சரி.

கேள்வி: கல் ஏற்றி மேட்டில் ஏறும்போது ‘டக்’ என்ற சத்தத்துடன் வண்டி நின்றுவிட்டது. கியர் விழுகிறது, விசையைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுவரும் புரொபெல்லர் தண்டு சுற்றுகிறது, சக்கரம் மட்டும் அசையவில்லை.
– வாசகர், சங்ககிரி

பதில்: பின் ஆக்ஸில் தண்டு ஒன்று முறிந்திருக்கிறது என்றே தோன்றுகிறது. இது முழு மிதவை வகை ஆக்ஸில். பாரத்தைக் கூடு தாங்குகிறது, தண்டு திருப்பும் வேலையை மட்டும் செய்கிறது. ஆகவே சக்கரத்தைக் கழற்றாமலேயே ஹப் முகத்தின் நட்டுகளை அவிழ்த்துத் தண்டை உருவலாம். இரு தண்டுகளையும் உருவி, ஹப் வாய்களைத் தகடு வைத்து மூடிவிட்டால், முன் ஆக்ஸிலுக்கு விசை கொடுத்துப் பட்டறை வரை மெதுவாக ஓட்டிச் செல்லலாம். ஆனால் சக்கரங்களுக்கு அண்டைக்கல் வைக்காமல் தண்டைத் தொடாதீர்கள்: கைப்பிரேக் புரொபெல்லர் தண்டில் பிடிக்கும் அமைப்பாக இருந்தால், ஒரு தண்டு முறிந்தபோதே பின்சக்கரங்களுக்குப் பிடிப்பு போய்விட்டது.

உள்ளே தங்கிவிட்ட துண்டை எதிர்ப்பக்கத்திலிருந்து கம்பி விட்டுத் தள்ள முடியாது. நடுவில், இரு தண்டுகளுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில், ஸ்டார் பினியன் என்ற சிறு பல்சக்கரங்களைத் தாங்கும் சிலுவை குறுக்கே நிற்கும். நீண்ட குழாயின் முனையில் கம்பிச் சுருக்கு வைத்து இழுப்பது பழைய வழி. வராவிட்டால் டிஃபரன்ஷியலைக் கழற்றி எடுங்கள். முறிவில் சிதறிய இரும்புத் துணுக்குகளைக் கழுவ எப்படியும் அது வெளியே வந்தாக வேண்டும். முறிந்த முகத்தைத் தூக்கி எறியாமல் வெயிலில் வைத்துப் பாருங்கள். ஒரு பகுதி கறுத்தும் மீதி புதிதாக மின்னியும் இருந்தால் விரிசல் வெகுநாளாக இருந்திருக்கிறது. தண்டின் முனையில் நீளவாக்கில் வெட்டிய ஸ்பிளைன் பற்கள் முறுக்கிக்கொண்டிருந்தால் அது அதிகப் பாரத்தின் வேலை. இரண்டாவது வகையானால் மறுபக்கத் தண்டின் பற்களையும் பாருங்கள். அவையும் முறுக்கியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

கேள்வி: வண்டி இழுக்கும்போது பின்னால் ஊளைச் சத்தம் வருகிறது. கிரவுன் மட்டும் பழையது வாங்கிப் போடலாமா?
– வாசகர், திருச்செங்கோடு

பதில்: கூடாது. கிரவுன் என்ற பெரிய பல்சக்கரமும் அதைச் சுழற்றும் டெயில் பினியன் என்ற சிறு பல்சக்கரமும் ஜோடியாகவே உரசிப் பொருத்தப்பட்டவை. இரண்டிலும் ஒரே எண் பொறித்திருப்பதைப் பார்த்து ஜோடியாகவே வாங்குங்கள். பொருத்தும்போது பற்களில் செஞ்சாயத்தை எண்ணெயில் குழைத்துத் தடவிச் சுற்றினால், தொடும் இடம் தெரியும். பதிவு பல்லின் நடுவில் விழ வேண்டும். அடியில் அமர்ந்தால் பினியனை வெளியே எடுக்கும்படி ஷிம் என்ற மெல்லிய இடைத்தகட்டை மாற்ற வேண்டும், நுனியில் அமர்ந்தால் உள்ளே தள்ள வேண்டும். இதற்குப் பொறுமையில்லாத பட்டறையில் வேலையைக் கொடுக்காதீர்கள். சத்தம் பல மாதங்களாகக் கூடாமல் ஒரே அளவில் இருந்தால், நான் அதைப் பிரிக்கவே மாட்டேன். எண்ணெயை வடித்து, அடி மூடியில் ஒட்டியிருப்பதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறக் குழம்பாக இருந்தால் புது எண்ணெய் ஊற்றி ஓட்டுங்கள். விரலில் குத்தும் சில்லுகள் இருந்தால் அன்றே வண்டியை நிறுத்துங்கள்.