அலோய்ஸ் ரீகல் தன் கடைசி ஆண்டுகளில் நினைவுச்சின்னப் பாதுகாப்பைப் பற்றி என்ன நினைத்தார்? இன்றைக்கு அது பயன்படுமா?

பயன்படும். ஆனால் பாடக்குறிப்புகளை மட்டும் படித்தவருக்கு அந்த எண்ணமே வராது. பழமை மதிப்பு, வரலாற்று மதிப்பு, நினைவூட்டும் மதிப்பு, பயன்பாட்டு மதிப்பு, புதுமை மதிப்பு, கலை மதிப்பு என்று நினைவுச்சின்னங்களுக்கு ரீகல் வகுத்த மதிப்புகளின் பட்டியல் ஒன்று இருக்கும்; தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வசதி, அவ்வளவுதான். அதை அவர் எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதினார் என்பதைப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

ரீகல் (1858–1905) ஆஸ்திரியாவைச் சேர்ந்த கலை வரலாற்றாசிரியர். வியன்னாவின் கலை, தொழில் அருங்காட்சியகத்தில் சுமார் பத்தாண்டுகள் துணிப் பிரிவைக் கவனித்தவர். பிற்கால ரோமானியக் கலையைச் சீரழிவு என்று மற்றவர்கள் ஒதுக்கியபோது, அந்தக் காலத்துக்கு அதற்கே உரிய கலை நோக்கம் இருந்தது என்று 1901இல் ஒரு பெரிய நூல் எழுதினார். எந்தக் காலமும் இன்னொரு காலத்துக்குத் தாழ்ந்ததில்லை என்பதுதான் சாரம். அப்புறம் நினைவுச்சின்னங்களைக் கவனிக்கும் அரசு ஆணையத்தின் பொறுப்பு வருகிறது. 1903இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, ஒரு பாதுகாப்புச் சட்ட வரைவுக்கு முன்னுரையாக எழுதப்பட்டது. (ஆஸ்திரியாவில் அப்படி ஒரு சட்டம் நிறைவேற 1923 வரை ஆயிற்று. அரசாங்கக் கோப்புகள் எங்கும் ஒரே வேகம்தான் போல.)

அதில் அவர் முன்னே நிறுத்துவது பழமை மதிப்பை. ஒரு சுவர் எந்த நூற்றாண்டுடையது, யார் கட்டியது என்று தெரிந்து ரசிப்பது வரலாற்று மதிப்பு. அதற்குப் படிப்பு வேண்டும். மழையும் வெயிலும் தின்ற கல்லைப் பார்த்ததும் ‘இது ரொம்பப் பழசு’ என்று மனத்தில் படுகிறதே, அதற்கு எந்தப் படிப்பும் வேண்டாம். ஒரு துணியில் இருக்கும் செடிகொடி வடிவத்தை வைத்து அது எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்த மனிதர், கடைசியில் ஒன்றும் தெரியாதவரின் அந்த உணர்வுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்தார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான்.

சிக்கலை அவரே சொல்லிவிடுகிறார். பழமைதான் முக்கியம் என்றால் சிதைவைத் தடுக்கவே கூடாது. தடுக்காவிட்டால் ஒருநாள் பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது. வரலாற்றாசிரியருக்கோ கட்டடம் இன்றிருக்கும் நிலையில் அப்படியே நிற்க வேண்டும்; அது அவருக்குச் சான்று. பாதிரியாருக்குக் கூரை ஒழுகக் கூடாது. பொதுமக்களில் பலருக்குப் பளபளவென்று புதிதாக இருந்தால்தான் அழகு. ஆக, அந்தப் பட்டியல் ஒரே கட்டடத்தின் முன்னால் நின்று சண்டை போடுகிறவர்களின் வருகைப் பதிவு என்றே சொல்லலாம்.

வியன்னாவின் புனித ஸ்டீபன் பேராலயத்தின் மேற்கு வாசலை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது கோதிக் பாணிக்கு முந்தைய ரோமனெஸ்க் பாணியில் 13ஆம் நூற்றாண்டில் கட்டிய அரைவட்ட வளைவு வாசல். அதன் முன்னால், பிற்காலத்தில் சேர்த்த கூர்முனை கோதிக் வளைவு. கோதிக் பகுதியை அகற்றிவிட்டு ‘அசல்’ வாசலை வெளிக்கொண்டுவர வேண்டும் என்ற திட்டம் 1902 வாக்கில் மறுபடி கிளம்பியது. ரீகல் எதிர்த்தார். பின்னால் வந்தவர்கள் சேர்த்ததும் அந்தக் கட்டடத்தின் வாழ்க்கைதான். அதை வெட்டி எறிந்தால் கிடைப்பது 13ஆம் நூற்றாண்டு அல்ல, 1902இல் செய்த ஒரு வாசல். இன்றும் அங்கே போகிறவர்கள் கூர்முனை வளைவைத் தாண்டித்தான் அரைவட்ட வாசலுக்குள் நுழைகிறார்கள்.

அன்று ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த, இன்று குரோவேஷியாவில் உள்ள டால்மேஷியாவின் ஸ்ப்லிட் நகரிலும் இதே கதை. ரோமானியப் பேரரசர் டயக்ளீஷியனின் அரண்மனைக்குள் மக்கள் பல நூற்றாண்டுகளாக வீடு கட்டிக் குடியிருந்தார்கள். பேரரசரின் கல்லறை மண்டபமே பேராலயமாகிவிட்டது. ரோமானியச் சுவர்கள் தெரிய வேண்டும் என்றால் மற்றதை இடிக்க வேண்டும். 1903இல் ரீகல் கொடுத்த அறிக்கை, அந்த இடைக்காலக் கட்டடங்களுக்கும் அவற்றுக்குப் பின் வந்தவற்றுக்கும் ஆதரவாகப் பேசியது. பிற்கால ரோமானியக் கலைக்காக வாதாடிய அதே மனிதர்தான், கவனியுங்கள்.

கடைசித் திருப்பம் 1905இல். ஜெர்மன் கலை வரலாற்றாசிரியர் கேயோர்க் டேகியோ ஸ்ட்ராஸ்பூர்கில் ஆற்றிய உரையில், நினைவுச்சின்னத்தை அழகுக்காகக் காப்பதில்லை, அது நம் தேச வாழ்வின் ஒரு துண்டு என்பதால் காக்கிறோம் என்றார். ரீகல் பதில் எழுதினார்: தேசம் என்பது குறுகிய காரணம். பழைய மரத்தையும் பாறையையும் காக்கத் தோன்றுகிறதே, அவை எந்த தேசத்தின் சாதனை? நம்மைப் போலவே இருந்து, தேய்ந்து, மறைகிற எதன்மீதும் வரும் உறவுணர்வு அது. மனிதகுலம் முழுக்கப் பொதுவானது. ஜெர்மானியர், செக், போலந்துக்காரர், குரோவாட் என்று பல இனத்தார் வாழ்ந்த ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் அதிகாரிக்கு அப்படிப் பேச வேண்டிய தேவையும் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதே ஆண்டு ஜூனில் இறந்துவிட்டார்.

இன்றைக்கு எங்கே பயன்படுகிறது என்றால், நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆவணமான 1964 வெனிஸ் சாசனத்தில் பாருங்கள். ஒரு கட்டடத்துக்கு எல்லாக் காலங்களும் சேர்த்த நல்ல பங்களிப்பை மதிக்க வேண்டும், பாணி ஒருமைப்பாடு மறுசீரமைப்பின் நோக்கமல்ல என்று 11ஆம் விதி சொல்கிறது. ரீகலின் வாசல் வாதமே அது.

அவரை இழுத்து நிறுத்தும் இடமும் உண்டு. பழமை மதிப்பு இயற்கையின் மெதுவான தேய்மானத்துக்குப் பொருந்தும், குண்டுக்குப் பொருந்தாது. இரண்டாம் உலகப்போரில் தரைமட்டமான வார்சா பழைய நகரை மக்கள் திரும்பக் கட்டினார்கள். 1980இல் அது உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. அங்கே பழைய கல்லைவிடப் புதிய கல்தான் அதிகம், பின்னால் நிற்பதோ டேகியோ சொன்ன தேசம். இருந்தாலும் அதைப் போலி என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. அழிவை மறக்கக் கூடாது என்று வேண்டுமென்றே எழுப்பிய சின்னமாக அதைப் பார்க்கலாம்; அதற்கும் ரீகலின் பட்டியலிலேயே, நினைவூட்டும் மதிப்பு என்ற பெயரில், இடம் இருக்கிறது.