பயோவாஷ்: ஒரு லாட்டில் பிசிறு, அடுத்த லாட்டில் கிழிசல்

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் சிறிய வாஷிங் யூனிட் நடத்துகிறோம். வெளுத்த பருத்திப் பின்னல் துணிக்கு ஆசிட் செல்லுலேஸ் (பருத்தி இழையை அறுத்துப் பிசிறு நீக்கும் பயோவாஷ் என்சைம்) துணி எடையில் 1% போட்டும் சில லாட்டில் பிசிறு போகவில்லை. 2% ஆக்கினோம், இப்போது சில லாட் கிழிகிறது. எது சரியான அளவு?

பதில்: 1 சதவீதத்துக்கே திரும்புங்கள். பிசிறு நின்ற லாட்டில் என்சைம் பெரும்பாலும் வேலையே செய்திருக்காது. அதற்காகக் கூட்டிய டோஸ், நிலைமை ஒழுங்காக அமைந்த லாட்டில் துணியைத் தின்கிறது.

முதல் சந்தேகம் துணியை வெளுக்கப் போடும் பெராக்சைடு. வெளுத்தபின் மிஞ்சியது கொஞ்சமானாலும் என்சைமைக் கெடுக்கும். கேட்டலேஸ் (பெராக்சைடைச் சிதைக்கும் என்சைம்) போட்டு 15 நிமிடம் ஓட்டி, பெராக்சைடு டெஸ்ட் ஸ்ட்ரிப்பில் பூஜ்யம் காட்டியபின் மேலே போங்கள்.

அடுத்தது தண்ணீர். காவேரி தண்ணீர் ஒரு நாள், டேங்கர் போர்வெல் தண்ணீர் மறுநாள் என்றால் ஒரே அளவு அசிட்டிக் ஆசிட் ஒத்துவராது. போர்வெல் நீரின் பைகார்பனேட் ஆசிட்டை விழுங்கிவிடும். 50 கிலோ துணி, 400 லிட்டர் பாத் (துணி ஓடும் நீர்) என்றால் ஆசிட்டை லிட்டருக்கு அரை கிராமில் தொடங்கி, பிஎச் 4.8 வரும்வரை ஏற்றுங்கள். 55 டிகிரிக்குச் சூடாக்கியபின் மறுபடி பாருங்கள். கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் ஏறியிருக்கும். இந்த இரண்டாவது சோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். நீராவியை மூடிய பிறகே 500 கிராம் என்சைமை நீரில் கலந்து ஊற்றுங்கள். 45 நிமிடம் போதும். டிரம்மை நெருக்கி அடைக்காதீர்கள்: துணியோடு துணி உரசினால்தான் தளர்ந்த இழை உதிரும்.

நேரம் முடிந்ததும் வடித்தால் மட்டும் போதாது. துணியில் ஒட்டிய என்சைம் ஈரம் இருக்கும்வரை அறுத்துக்கொண்டே இருக்கும். (இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை மக்கவைத்த டிரைகோடெர்மா பூஞ்சையின் வழிவந்ததுதான் விற்கும் ஆசிட் செல்லுலேஸில் பெரும்பகுதி.) 80 டிகிரியில் 10 நிமிடம் ஓட்டி என்சைமைக் கொன்றுவிட்டு அலசுங்கள். கிழிந்த லாட்டுகள் இரவு முழுக்க ஈரமாகக் கிடந்தவையா என்று பாருங்கள்.

எடை இழப்பை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) கட்டரால் அளக்காதீர்கள். துணி சுருங்குவதால் ஜிஎஸ்எம் கூடினதுபோலக் காட்டும். ஓரம் தைத்த ஒரே துண்டை முன்னும் பின்னும் 105 டிகிரியில் உலர்த்தி எடை போடுங்கள். 3 சதவீதம் குறைந்தால் நல்லது. 5 தாண்டினால் நேரத்தைக் குறையுங்கள்.