பாட்டாவின் .455 வெப்லி ரிவால்வருக்குத் தோட்டா எங்கே கிடைக்கும்?

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பாட்டா, அதாவது உங்கள் தாத்தா, காலமாகிவிட்டார், அவருடைய பழைய .455 வெப்லி ரிவால்வரும் ஒரு தகர டப்பா நிறையத் தோட்டாக்களும் வீட்டில் இருக்கின்றன. அந்தத் தோட்டாக்களைச் சுடலாமா, புதியவை எங்கே வாங்கலாம், கிடைக்காவிட்டால் .45 தோட்டா பொருந்துமா என்பவை உங்கள் மூன்று கேள்விகள். இதே ரகத் துப்பாக்கி எங்கள் வீட்டிலும் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

மூன்றாவது கேள்வியில்தான் ஆபத்து அதிகம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். .45 ஆட்டோ தோட்டா வேண்டாம். அதன் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு கிடையாது, தோட்டா போடும் உங்கள் சிலிண்டரில் அப்படியே நிற்காது. அமெரிக்காவுக்குப் போன வெப்லிகள் பலவற்றில் சிலிண்டரின் பின்பக்கத்தைச் சீவி, தகட்டுக் கிளிப் வைத்து அதைப் போட்டார்கள். யாராவது உங்களிடம் அந்த யோசனையைச் சொல்லக்கூடும். .455 தோட்டாவுக்கு அனுமதித்த அழுத்தத்தைப் போல் சுமார் ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் வேலை செய்வது அந்த .45. நூறு வயது இரும்பு அதைத் தாங்கும் என்று நம்பி முகத்துக்கு நேரே பிடிக்காதீர்கள். லைசென்ஸ் இல்லாத ஒருவர் துப்பாக்கியை அப்படி மாற்றுவது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றமும்கூட.

இனி பழைய தோட்டாக்கள். எங்கள் பாட்டா ஒரு ரப்பர் எஸ்டேட்டில் மேற்பார்வையாளராக இருந்தவர். ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து அந்த ரிவால்வர் அவருக்கு வந்தது. அதன் மேல் வெப்லி மார்க் 6 என்றும் 1917 என்றும் பொறித்திருக்கும், கைப்பிடியின் அடியில் கயிறு கோக்க ஒரு வளையம் தொங்கும். நெம்புகோலை அழுத்திக் குழலைக் கீழே மடக்கினால் ஆறு காலி உறைகளும் ஒரே நேரத்தில் மேலெழுந்து வெளியே விழும். சிறுவயதில் காலியாக இருக்கும்போது அதை மடக்கிக் காட்டச் சொல்லி அவரை நான் எத்தனை முறை நச்சரித்திருப்பேன்! அப்பா அதை வாரிசு லைசென்சில் வைத்திருந்தார். அவர் 2017ல் இறந்தபின் ரிவால்வரையும் பதினான்கு தோட்டாக்களையும் காவல் நிலையத்தில் தகவல் சொல்லி, லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்தேன்.

கடைக்காரர் எழுபதைத் தாண்டிய மனிதர். தோட்டாக்களை ஒவ்வொன்றாக வெள்ளைத் தாளின் மேல் நிறுத்தினார். எனக்குப் பழுதாகத் தெரிந்தவை விளிம்பில் பச்சை பூத்த நான்கு மட்டும்தான். அவர் பளபளவென்று இருந்த ஒன்றை எடுத்து, ரவை உறைக்குள் நுழையும் வாயருகே லென்ஸை வைத்துப் பார்க்கச் சொன்னார். தலைமுடி அளவுக்கு ஒரு கீறல், வாயிலிருந்து நேராகக் கீழே இறங்கியிருந்தது. அடுத்ததிலும் இருந்தது. "தம்பி, இதை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்றார். ரப்பர் பால் சேமிக்கும் கிடங்கின் அலமாரியில் என்றேன். "பாலில் அமோனியா ஊற்றுவீர்களே, அதே அறையா?" என்று கேட்டார்.

அதே அறைதான். பால் உறையாமல் இருக்க ஊற்றுகிற அமோனியாவின் கேன்கள் அந்த அலமாரிக்குக் கீழேதான் வரிசையாக இருந்தன. தோட்டாவின் உறை பித்தளை. அச்சில் இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் இறுக்கம் தங்கியிருக்கும். ஈரக்காற்றும் அமோனியாவும் சேர்ந்தால் அந்த இறுக்கமே பித்தளையைக் கீறிப் பிளக்கும். பிரிட்டிஷ் இந்தியப் படையில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் உறைகள் இப்படித்தான் கீறிப் பிளந்தன. குதிரையின் மூத்திரத்திலிருந்து எழுந்த அமோனியாதான் காரணம் என்று 1921ல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். நம் மாவட்டத்துக்கோ இரண்டு பருவமழை. குலசேகரம், திற்பரப்பு பக்கம் ஆண்டில் பாதி நாள் துணி காயாது. ரப்பர் வீடு என்றால் அமோனியாவும் இருக்கும். உங்கள் டப்பா எங்கே இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

பார்வைக்கு நன்றாக இருக்கும் தோட்டாவும் உள்ளே கெட்டிருக்கலாம். தோட்டாவின் அடியில் தீப்பொறி தரும் கேப் பாதி செத்திருந்தால், விசையை இழுத்தபின் சற்றுத் தாமதித்து வெடிக்கக்கூடும். வெடிமருந்து பலமிழந்திருந்தால் ரவை குழல் நடுவிலேயே நின்றுவிடலாம். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கிப் பிளக்கும். குறட்டால் பிரித்துப் பார்ப்பது, எண்ணெயில் ஊறவைத்துச் செயலிழக்கச் செய்வது இரண்டும் வேண்டாம். எண்ணெய் கேப்பை நிச்சயமாகக் கொல்லும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

புதியவை எங்கே என்ற கேள்விக்கு வருகிறேன். உலகத்தில் .455 செத்துப்போகவில்லை. பிரிட்டிஷ் படை 1932ல் .38க்கு மாறி, 1947ல் .455 ரிவால்வரைப் பணியிலிருந்து முழுவதும் விலக்கியது. இத்தாலியின் ஃபியோக்கி நிறுவனம் பின்னரும் அந்தத் தோட்டாவைச் செய்து வருகிறது. ஆனால் அது உங்கள் கைக்கு வரும் வழியில்தான் சட்டம் நிற்கிறது. 2016 ஆயுத விதிகளின் முதல் அட்டவணை, .380 அல்லது .455 விளிம்புத் தோட்டாவைப் போட்டுச் சுடக்கூடிய கைத்துப்பாக்கி எந்த போராக (குழலின் உள்ளளவு) இருந்தாலும் அதைத் தடைசெய்யப்பட்ட வகையில் வைக்கிறது. நாகர்கோவில் கலெக்டர் அலுவலகம் சாதாரண ரகத்துக்குத் தருகிற லைசென்ஸ் இதற்குப் போதாது, மத்திய உள்துறை அமைச்சகத்தின் அனுமதி வேண்டும். ஆகவே .32 ரகத் தோட்டா விற்கும் கடையில் போய் .455 கேட்டால் கைவிரிப்பார்கள். கான்பூரில் செய்யும் .32 ரிவால்வருக்கு நம் நாட்டிலேயே தோட்டா தயாராகிறது, உங்களுடையதற்கு அந்த வசதி இல்லை.

"ஒருவரிடம் இருக்கிறது, வாங்கித் தருகிறேன்" என்று எங்கள் உறவினர் ஒருவர் அப்போது சொன்னார். நான் மறுத்தது நல்லதாயிற்று. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின், தடைசெய்யப்பட்ட தோட்டாவை அனுமதியின்றி வைத்திருந்தாலே குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் பதினான்கு ஆண்டு சிறை. இன்னொன்றையும் பலர் தவறாகச் சொல்வார்கள்: நூறு வயதான துப்பாக்கி பழம்பொருள், அதற்கு லைசென்ஸ் வேண்டாம் என்று. சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்குத் தருவது, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாத பழைய ஆயுதத்துக்கு மட்டுமே. உங்கள் வெப்லி சுடும், எனவே அதற்கு விலக்கு இல்லை.

நான் செய்ததைச் சொல்கிறேன். பதினான்கு தோட்டாக்களையும் அழிப்பதற்காக ஒப்படைத்து ரசீது வாங்கினேன். ரிவால்வர் இன்றும் கடையின் பாதுகாப்பில்தான் இருக்கிறது, கட்டணம் கட்டுகிறேன். வாரிசு உரிமையில் விண்ணப்பித்திருக்கிறேன். சுடுவதற்காக அல்ல, அது எங்கள் வீட்டுப் பொருள் என்பதற்காக. ஆண்டுக்கு ஒருமுறை போய், காலிச் சிலிண்டருடன் மடக்கிப் பார்த்துவிட்டு வருகிறேன். கீல் இன்னும் அதே சத்தத்துடன்தான் திறக்கிறது.

பாட்டா இறந்தபின் இதுவரை யாருக்கும் தெரிவிக்கவில்லை என்றால், நாளைக்கே பழைய லைசென்ஸ் புத்தகத்தையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள். துப்பாக்கியை முதல் நாளே தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏறாதீர்கள், எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். லைசென்ஸ் புத்தகத்தில் போர் என்ற இடத்தில் .455 என்று இருக்கிறதா, வெறும் .45 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் புத்தகத்தில் .45 என்று தவறாக இருந்தது, அதைத் திருத்தவே எட்டு மாதம் அலைந்தேன். உங்களுடையதிலும் அப்படி இருந்தால் இங்கே எழுதுங்கள், நான் கொடுத்த மனுவின் வாசகத்தைத் தருகிறேன்.