பல வருடம் நின்ற யெஸ்டி பைக்கை மீட்க எங்கே தொடங்குவது?

அப்பாவின் யெஸ்டி ஓடாமல் கிடக்கிறது, முதலில் எதைப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆர்.சி. புத்தகத்தோடு இன்ஜின், சேஸிஸ் எண்கள் ஒத்துப்போகின்றனவா பாருங்கள்.

அப்புறம், தயவுசெய்து உடனே கிக்கரை உதைத்து ஸ்டார்ட் செய்யப் பார்க்காதீர்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால் பிஸ்டன் அசைகிறதா என்று தெரிந்துவிடும்.

யெஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு உயிர்நாடி, கிராங்க் தண்டின் இரு பக்கமும் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான கிராங்க் ஆயில் சீல்தான். நின்றே கிடந்தால் ரப்பர் இறுகிவிடும். கிளட்ச் பக்கம் கசிந்தால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். டைனமோ பக்கம் கசிந்தால் காற்று புகுந்து, கலவையில் பெட்ரோல் குறைந்து, பிஸ்டனே சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கச் சீலையும் மாற்றாமல் பெயின்ட் வேலைக்குப் போகாதீர்கள்.

இந்தப் பழைய யெஸ்டிகளைத் தயாரித்த மைசூர் தொழிற்சாலை 1996-இலேயே நின்றுவிட்டது. அதனால் கழற்றிய ஒரிஜினல் பாகம் எதையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள்.