70 நாளாக வராத பில் பணத்தை, ஆர்டர் கெடாமல் கேட்பது எப்படி?

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்ன சிஎன்சி யூனிட் வைத்திருக்கிறேன். ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குச் சப்ளை செய்த பில்லுக்கு 70 நாளாகியும் பணம் வரவில்லை. மெயில் போட்டால் பதில் இல்லை. கடுமையாக எழுதினால் அடுத்த ஆர்டர் போய்விடுமோ?

பதில்:

"சார், பேமெண்ட் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று போட்டிருப்பீர்கள். எந்த பில், எவ்வளவு, எப்போது கொடுத்தது என்று தேடும் வேலையை அது எதிராளி தலையில் கட்டுகிறது. அதோடு, யாருக்குப் போட்டீர்கள் என்றும் பாருங்கள். பர்ச்சேஸ்காரர் ஆர்டர் கொடுப்பவர். பணம் விடுவது அக்கவுண்ட்ஸ். உங்கள் பில் எந்த மேஜையில் கிடக்கிறது என்பது பர்ச்சேஸுக்குப் பெரும்பாலும் தெரியாது.

கேட்பதற்கு முன் உங்கள் பக்கத்துக் காகிதங்களை எடுத்துப் பாருங்கள். பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்), சரக்கு வந்ததற்கு ஸ்டோர்ஸ் போடும் ஜிஆர்என் ரசீது, உங்கள் பில் மூன்றும் ஒத்துப்போனால்தான் சிஸ்டம் பணத்தை விடும். 500 பீஸ் அனுப்பி 12 ரிஜெக்ட் ஆகியிருந்தால் ஜிஆர்என்னில் 488 இருக்கும், பில்லில் 500 இருக்கும். 12 பீஸுக்கான தொகையைக் குறைத்து நீங்கள் கிரெடிட் நோட் கொடுக்கும்வரை, அல்லது அவர்களே குறைத்து டெபிட் நோட் போடும்வரை, முழு பில்லும் நிற்கும். மெட்டீரியல் விலை ஏறியதால் புது ரேட்டில் பில் போட்டு, பிஓ திருத்தம் வாங்காமல் விட்டிருந்தாலும் இதே கதிதான். டிரைவர் கையில் சரக்கோடு போன பில் ஸ்டோர்ஸிலேயே தங்கிவிடுவதும் உண்டு.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் ஜிஎஸ்டி ரிட்டர்னை மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடுபவராக இருந்தால், காலாண்டின் முதல் இரண்டு மாத பில்களை ஜிஎஸ்டி தளத்தில் உள்ள ஐஎஃப்எஃப் வசதி வழியாக அடுத்த மாதம் 13ஆம் தேதிக்குள் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் அந்த பில், அவர்கள் வரிக் கழிவு எடுக்கப் பார்க்கும் 2பி பட்டியலில் காலாண்டு முடியும்வரை தெரியாது. தெரியாத பில்லுக்கு வரித் தொகையை, சில இடங்களில் மொத்தத் தொகையையே, நிறுத்தி வைப்பார்கள். இதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இப்போது மெயில். ஆங்கிலத்தில் எழுதினாலும் சாரம் இப்படி இருக்கட்டும். தலைப்பு வரியில் பில் எண், தேதி, தொகை, பிஓ எண். உள்ளே மூன்றே வாக்கியம்:

"மேற்கண்ட பில்லுக்கான சரக்கு இந்தத் தேதியில் உங்கள் கேட்டில் இறங்கியது, முத்திரையிட்ட சலான் இணைப்பில் உள்ளது. பில் உங்கள் சிஸ்டத்தில் பதிவாகிவிட்டதா, அடுத்த பேமெண்ட் ரன்னில் இருக்கிறதா என்று தெரிவிக்கவும். எங்கள் பக்கம் ஏதேனும் காகிதம் குறைந்தால் இன்றே அனுப்புகிறோம்."

பில், பிஓ, சலான் மூன்றையும் ஒரே பிடிஎஃப்பாக இணையுங்கள். பெறுநர் அக்கவுண்ட்ஸ், நகல் பர்ச்சேஸுக்கு. ஒரு பில்லுக்கு ஒரே மெயில் தொடர். ஒவ்வொரு தடவையும் புது மெயில் ஆரம்பித்தால் பழைய பதில்கள் தொலைந்துவிடும். "பணம் எப்போது?" என்று கேட்டால் "பார்க்கிறோம்" என்றுதான் வரும். "பதிவாகிவிட்டதா?" என்பதற்கு ஆம், இல்லை என்று சொல்லியாக வேண்டும். பேமெண்ட் ரன், அதாவது பில்களுக்கு மொத்தமாகப் பணம் விடும் நாள், என்றைக்கு என்று விசாரித்து, அதற்கு மூன்று நாள் முன்னால் போன் செய்யுங்கள். ரன் முடிந்த மறுநாள் கூப்பிடுவதில் பிரயோசனமில்லை.

சட்டத்தை முதல் மெயிலிலேயே எடுக்க வேண்டாம். ஆனால் தெரிந்து வைத்திருங்கள். 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, ஒப்பந்தத்தில் 90 நாள் என்று எழுதியிருந்தாலும் சிறு, குறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் தர வேண்டும். எழுத்து ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். கெடு பில் தேதியிலிருந்து இல்லை, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து ஓடும். 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் இறக்கிய நாளிலேயே ஏற்றதாகக் கணக்கு. சலானில் கேட் முத்திரை வாங்குவது இதற்காகவும்தான். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப்போல் மூன்று மடங்கில், மாதாமாதம் கூட்டு வட்டி.

அதைவிட அக்கவுண்ட்ஸ்காரர்களை அசைப்பது, வருமான வரியில் 43பி(எச்) என்று 2023 நிதிச் சட்டம் கொண்டுவந்த விதி. கெடு தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் அவர்கள் செலவாகக் காட்ட முடியும். அதனால் பிப்ரவரியிலேயே உங்கள் உத்யம் (எம்எஸ்எம்இ பதிவு) சான்றிதழையும் பாக்கிப் பட்டியலையும் "உங்கள் ஆண்டு முடிவுக் கணக்குக்காக" என்று பணிவாக அனுப்பிவிடுங்கள். மிரட்டல் தொனி வேண்டாம், படிப்பவருக்கே புரியும். உத்யம் எண் பில்லிலேயே அச்சாகியிருக்கட்டும். பதிவுக்குக் கட்டணம் கிடையாது, ஏஜெண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் கொடுத்தால் வழக்கு, பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் வசதியாக்க கவுன்சிலுக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னையிலும் கவுன்சில் இருக்கிறது. அந்தக் கம்பெனியோடு இனி வேலையே வேண்டாம் என்று முடிவெடுத்த பிறகு போவதே நல்லது. ஆர்டர் போகாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பணம் வந்ததும் தொகை குறைந்திருந்தால் உடனே சண்டைக்குப் போக வேண்டாம். டிடிஎஸ் வரி, டெபிட் நோட் தொகை பிடித்திருப்பார்கள். பேமெண்ட் அட்வைஸ் வாங்கி, எந்த பில்லுக்கு எவ்வளவு என்று டாலியில் அன்றே வரவு வையுங்கள். விட்டால், மார்ச்சில் பாக்கியை உறுதிசெய்யக் கேட்கும் பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் கடிதம் வரும்போது இரண்டு பக்கக் கணக்கும் ஒத்துப்போகாது. அதைச் சாக்காக வைத்து அடுத்த பில்லும் நிற்கும்.